கூட உட்கார ஒரு ஆள்

ஜூன் 6, செவ்வாய்

தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் போனேன். மாத்திரையோடு ஒரு வேலையும் கொடுத்துவிட்டார். தினமும் எழுத வேண்டுமாம். "சாப்பிட்டது, மழை பெஞ்சது, எதை வேணா எழுதுங்க தவமணி. மனசு ஒரு இடத்துல நிக்கும்" என்றார். கடையில் பேப்பர் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி சும்மா கிடந்தது.

காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்தேன். கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை, பதினைந்து வருஷமாக. டோனர் மாற்றினேன். மத்தியானம் கரண்ட் இல்லை. சாயங்காலம் ரவுண்டானா வழியாகப் போகாமல் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சோறு வடித்தேன். இவ்வளவுதான்.

ஜூன் 7, புதன்

என் மனைவி மரகதத்துக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாள்.

ஜூன் 12, திங்கள்

மனுநாள். பட்டா, பென்ஷன், பாதை, தண்ணீர் என்று மாவட்டம் முழுக்க இருந்து ஜனங்கள் கலெக்டரிடம் மனு கொடுக்க வருவார்கள். எனக்குச் சோறு போடுவதே திங்கட்கிழமைதான்.

கூட்டத்துக்கு நடுவில் குருவம்மாவைக் கவனித்துக்கொண்டிருந்தேன். பெயரே இன்றைக்குத்தான் தெரியும், எதிர்க்கடை சிக்கந்தர் பாய் சொன்னார். ஒரு வருஷத்துக்கு மேலாக என் கடைப் படியில் படுக்கிற அம்மாள். நான் வருவதற்குள் படியைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிடுவாள். தெருக்குழாயில் முகம் கழுவி, இடுப்பு வரை தொங்குகிற முடியைச் சீவிக் கொண்டை போட்டுக்கொண்டு, சாக்குப்பையோடு எதிரே புங்கமரத்தடிக்குப் போய்விடுவாள். அறுபது வயது இருக்கும். யாரிடமும் கை நீட்டி நான் பார்த்ததில்லை. பக்கத்து மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிடுகிறாள்.

இன்று ஒரு கிழவர் கையில் ஒரே ஒரு தாளை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டு நின்றார். குருவம்மா கூப்பிட்டாள்.

"என்ன விசயமா வந்தீக?"

"பென்சன் நின்னுபோச்சு தாயி."

"ஆதார் காப்பி ரெண்டு, பேங்கு புஸ்தகம் காப்பி ரெண்டு, மனு மூணு எடுங்க. அவுக ரெண்ட வாங்கிக்கிருவாக. ஒண்ணுல சீலு அடிச்சு வாங்கி நீங்க பத்திரமா வச்சுக்கணும். சீலு வாங்காம மட்டும் வெளிய வராதீக."

அந்தக் கிழவர் என் கடைக்குத்தான் வந்தார். யோசித்துப் பார்த்தால் பாதிப் பேர் அவள் அனுப்பித்தான் வருகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவள்.

ஜூன் 14, புதன்

ஏப்ரலில் ஒருநாள் ஷட்டரை இறக்காமலே வீட்டுக்குப் போய்விட்டேன். உடம்பு சரியில்லாத நாள். மறுநாள் வந்து பார்த்தால் மெஷின், லேப்டாப், கல்லா எல்லாம் அப்படியே இருந்தன. நம் ஊர் நல்ல ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று பாய் பேச்சுவாக்கில் சொன்னார். "அந்தம்மா விடிய விடிய உம்ம கடை நடுவாசல்ல உக்காந்திருந்துச்சு. ரெண்டு பயலுக வந்திருக்கானுங்க. விளக்குமாத்தைத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சிருக்கு. உம்மை ஆட்டோல ஏத்தி அனுப்புனதும் அதுதான்யா."

என்னை ஏற்றி அனுப்பியது பாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 15, வியாழன்

பிரியாணி பொட்டலமும் ஒரு போர்வையும் வாங்கிக்கொண்டு போய் மரத்தடியில் நீட்டினேன்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தாம்மா."

"நான் ஒங்களுக்கு என்ன வேல செஞ்சேன்?"

ஏப்ரல் சமாச்சாரத்தைச் சொல்ல வாய் வரவில்லை. சும்மாதான் என்றேன். வாங்கிக்கொண்டாள். பத்து நிமிஷத்தில் பொட்டலத்தைக் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் போர்வை செருப்புத் தைக்கிறவர் கடையில் மடித்து வைத்திருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. இனி அந்தப் பக்கமே போவதில்லை.

ஜூன் 19, திங்கள்

கடையில் ஒரே தள்ளுமுள்ளு. ஒருத்தர் பட்டாவை இன்னொருத்தர் எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை. வேறு வழியில்லாமல் மரத்தடியைப் பார்த்துக் கத்தினேன். "யம்மா, கொஞ்சம் வந்து இந்தக் கூட்டத்தைப் பாருங்க!"

அடுத்த நிமிஷம் படியில் நின்றாள். "கைப்பிள்ளக்காரி முன்னால வா. கம்பு ஊண்டியிருக்கவுக அடுத்து. மத்தவுக பூராம் வரிசையா நில்லுங்க, ஜெராக்ஸ்காரரு எங்கயும் ஓடிப்போக மாட்டாரு." மூன்று மணி வரை ஒரு சத்தம் இல்லை.

மத்தியானம் இரண்டு சாப்பாடு வாங்கினேன். இந்தத் தடவை மறுக்கவில்லை. வேலை செய்திருக்கிறாள் அல்லவா. படியில் உட்கார்ந்து ரசத்தைக் கடைசியாக ஊற்றி நிதானமாகச் சாப்பிட்டாள். நன்றாகப் பேசுகிறாள். எந்தத் தாசில்தார் மனுவை முழுசாகப் படிப்பார், எந்த பியூன் விரட்டுவான் என்றெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

எழுந்தபோதுதான் பார்த்தேன். இடது காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டியிருக்கிறாள். ஈ மொய்க்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது வந்த வாடை சாக்கடை என்று நினைத்தேன். சாக்கடை இல்லை.

ஜூன் 20, செவ்வாய்

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்மா."

"வேணாம்."

"சர்க்கரை இருக்கும் போல. காலையே எடுக்க வேண்டி வந்துரும்."

"நான் பாத்துக்கிருவேன்."

"ஏன் வேணாம்?"

சாக்குப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மருந்துக்கடையில் களிம்பும் பேண்டேஜ் துணியும் வாங்கிக் கொடுத்தேன். துணியை மட்டும் எடுத்துக்கொண்டாள். எனக்கு முன்னால் காலை அவிழ்க்க மாட்டேன் என்று மரத்துக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி உட்கார்ந்து கட்டிக்கொண்டாள்.

ஜூன் 22, வியாழன்

கால் கணுக்கால் வரை வீங்கிவிட்டது. படியைப் பெருக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதிக்கிறது. மறுபடி கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜூன் 23, வெள்ளி

ஆதரவற்றவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறதாம். நம்பர் கிடைத்தது. போன் செய்து சொன்னேன். நாளைக்கே வேன் வரும், மருத்துவமும் நாங்களே பார்ப்போம் என்றார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு உருப்படியாக ஒரு காரியம் செய்திருக்கிறேன். மரகதத்திடம் சொல்லலாம் என்று போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஜூன் 24, சனி

பதினோரு மணிக்கு வேன் வந்தது. இரண்டு ஆண்கள், ஒரு பெண். வேனைப் பார்த்ததும் குருவம்மா எழுந்து ஓடப் பார்த்தாள். அந்தக் காலோடு நாலு எட்டு கூட வைக்க முடியவில்லை. ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். சாக்குப்பை மரத்தடியிலேயே கிடந்தது. நான் எடுத்துக்கொண்டு போய் வேனுக்குள் நீட்டினேன்.

அவள் பையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நீங்களா சொன்னீக?" என்றாள்.

உங்க நல்லதுக்குத்தாம்மா என்றேன். கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்திவிட்டார்கள். பையை எடுத்துக்கொள்ளவில்லை. என் கடையில் இருக்கிறது.

நல்லதுக்குத்தான்.

ஜூன் 26, திங்கள்

"மரத்தடி அம்மாவ எங்க?" குறைந்தது இருபது பேர் கேட்டிருப்பார்கள். காப்பகத்தில் நல்லபடியாக இருக்கிறாள் என்று சொன்னேன். கைக்குழந்தைக்காரி ஒருத்தி வரிசையில் நசுங்கி அழுதாள். சீல் வாங்காமல் நாலைந்து பேர் திரும்பி வந்தார்கள்.

ஜூலை 2, ஞாயிறு

பஸ் பிடித்துப் பார்க்கப் போனேன். ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டேன். பெரிய கட்டடம், முன்னால் ரோஜாச்செடி எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஆபீஸில் அரைமணி நேரம் உட்காரவைத்து, பிறகு கிரில் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள்.

முதலில் அடையாளம் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் நைட்டி. எல்லோருக்கும் மொட்டைத்தலை. பேன் வராமல் இருக்க அப்படித்தான் செய்வார்களாம். மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது குருவம்மா. ஒரு அம்மாள் போய்த் தோளைத் தொட்டு, ஆள் வந்திருப்பதைச் சொன்னாள். குருவம்மா திரும்பி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலில் ஒரு கட்டு போட்டிருந்தார்கள். அது நனைந்து மஞ்சளாக இருந்தது.

ஆபீஸில் கேட்டேன். "அவங்க வெளிய வரணும்னா?"

"நீங்க யாரு சார்? ரத்த சொந்தமா?"

"இல்லை."

"அப்ப எப்படி அனுப்ப முடியும்?"

ஆரஞ்சுப்பழத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது ரவுண்டானாவில் இறங்கினேன்.

ஜூலை 3, திங்கள்

கடை திறக்கவில்லை.

ஜூலை 4, செவ்வாய்

திறக்கவில்லை.

ஜூலை 6, வியாழன்

டாக்டரிடம் போனேன். திட்டவில்லை. மறுபடி முதலிலிருந்து என்றார்.

கடையில் சாக்குப்பையைத் திறந்து பார்த்தேன். செய்யக் கூடாதுதான். இரண்டு சேலை, நீள மடித்து வைத்திருக்கிறது. ஒரு சீப்பு, ஒரு பாட்டிலில் கொஞ்சம் தேங்காயெண்ணெய், சோப்புக்கட்டியில் பாதி. எதிலும் அழுக்கு இல்லை. தெருவில் படுக்கிறவள் இவ்வளவு சுத்தமாக வாழ எவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வாஷிங்மெஷின் உள்ள என் வீட்டில் மூன்று நாளாக ஒரே சட்டை.

பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். பதினைந்து வருஷமாக ஊரார் மனுக்களை நகல் எடுத்திருக்கிறேன். சொந்தமாக ஒன்று எழுதுவது இதுதான் முதல்தடவை. ஏழு தாள் வீணானது. "மேற்படி குருவம்மா நல்ல மனநலம் உள்ளவர். தன் விருப்பமின்றி அடைத்துவைக்கப்பட்டுள்ளார். இதற்குக் காரணமானவன் நானே" என்று எழுதினேன். மனுவில் 'அவர்' என்று எழுதியாகிவிட்டது. இனி இந்த டைரியிலும் வேறு மாதிரி எழுத வராது.

ஜூலை 10, திங்கள்

கடையைப் பூட்டிவிட்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நூற்று எழுபது பேர். மூன்று காப்பி வைத்திருந்தேன். ஒன்றில் சீல் அடித்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். மனு சமூகநலத்துறைக்குப் போயிருக்கிறது.

ஜூலை 12, புதன்

சமூகநலத்துறை ஆபீஸில் ஒரு அம்மா மனுவை முழுசாகப் படித்தார். "நீங்களே புடிச்சுக் குடுத்துட்டு நீங்களே மனு குடுக்கிறீங்க" என்றார். ஆமாம் மேடம் என்றேன். "நான் நேர்ல போய் அவங்ககிட்டயே கேக்கிறேன். வெளிய வரணும்னு அவங்க வாயால சொன்னா, யாரும் நிறுத்திவைக்க முடியாது."

ஜூலை 14, வெள்ளி

அந்த அம்மாவுடன் ஜீப்பில் நானும் போனேன். "இங்க இருக்கீங்களா, போறீங்களா?" என்ற கேள்வி முடிவதற்குள் குருவம்மா எழுந்து நின்றுவிட்டார்.

திரும்பி வரும்போது ஜீப்பில் பின்சீட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். சாக்குப்பையைக் கொடுத்தேன். வாங்கி, சீப்பை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். வழி நெடுக மூன்று தடவை கேட்டேன். பஸ் ஸ்டாண்டு வாசலில் இறக்கிவிடச் சொல்லி இறங்கினார். சேலைத் தலைப்பை மொட்டைத்தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டிக் கூட்டத்துக்குள் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 16, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் தேடினேன். இல்லை.

ஜூலை 18, செவ்வாய்

இல்லை. பாய் சொன்னார்: "தேடிப் பிடிச்சு என்ன செய்யப் போறீரு? மறுபடி நல்லது செய்யவா? விடும்யா. அதுவா வரட்டும்."

அது குத்தியது. ஆனால் சரி.

ஜூலை 20, வியாழன்

காலையில் வந்தபோது படியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. காலைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு மோசம்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார்.

நான் போனை எடுத்தேன், ஆட்டோவுக்கு.

"போன உள்ள வைங்க. மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க."

உள்ளே வைத்தேன்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால காய்ச்சல்னு அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூட ஆளு இல்லாத பொம்பளன்னு பாத்துட்டு எவனோ வேனுக்குச் சொல்லிவிட்டான். அப்பவும் இதே மாதிரி சிரைச்சு விட்டாக. பதினோரு மாசம் பூட்டி வச்சிருந்தாக. அதுனாலதான் போகமாட்டேன்னேன். ஒங்ககிட்டச் சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரல."

"நான் கேட்டிருக்கணும்மா."

"கேட்டீக. கேட்டுட்டு, பதிலு வாரதுக்குள்ள போன் போட்டுட்டீக." சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. பெயரைச் சொல்வது மாதிரி சொன்னார். "இப்ப எனக்கு ஏத்தி அனுப்புறதுக்கு ஆளு வேணாம். கூட உக்கார்றதுக்கு ஒரு ஆளு வேணும். நான் மயக்கத்துல கெடந்தாலும் எந்திரிச்சுப் போகக் கூடாது. எவனாச்சும் வேனோட வந்தா, இவுகளுக்கு ஆளு இருக்குன்னு சொல்லணும். முடியுமா, முடியாதா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க. நான் கோவிச்சுக்கிற மாட்டேன்."

ஊரில் இத்தனை பேர் இருக்க, தன்னைப் பிடித்துக் கொடுத்தவனிடம் வந்து கேட்கிறார். எவ்வளவு தைரியம் வேண்டும் அதற்கு. என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. முடியும் என்று சொன்னேன். சொல்லும்போதே பயமாக இருந்தது. எனக்குத் தெரியும் நான் எப்படிப்பட்ட ஆள் என்று.

பெரியாஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. சர்க்கரை நானூற்றுக்கு மேல். கடைக்குப் பூட்டுப் போட்டாயிற்று.

ஜூலை 21, வெள்ளி

டியூட்டி நர்ஸ் கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு கேட்டார். "நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்? மகனா? தம்பியா?"

கட்டிலிலிருந்து குருவம்மா பதில் சொன்னார்: "கூட உக்கார்ற ஆளு."

"அப்படியெல்லாம் எழுத முடியாது பாட்டிம்மா."

"அப்ப, தெரிஞ்சவருன்னு எழுதுங்கம்மா. உண்மையத்தான எழுதணும்."

நர்ஸ் சிரித்துக்கொண்டே 'தெரிந்தவர்' என்று எழுதினார். பெண்கள் வார்டில் நான் உள்ளே உட்காரக் கூடாது. கதவுக்கு வெளியே வராண்டாவில், அவர் கட்டில் தெரிகிற மாதிரி ஒரு இடம் பிடித்தேன்.

ஜூலை 22, சனி

ஆபரேஷன். இரண்டு விரல்கள் போய்விட்டன. இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம் என்றார் சர்ஜன். நான் ஜூன் இருபதாம் தேதியிலிருந்து நாட்களை எண்ணிப் பார்த்தேன். எண்ணாமல் இருந்திருக்கலாம்.

மயக்கம் தெளிந்ததும் வார்டு வாசலைத்தான் முதலில் பார்த்தார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூலை 24, திங்கள்

சாயங்காலம் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. வியர்த்துக் கொட்டியது. டீ குடித்துவிட்டு வருவதாகக் கிளம்பினேன். அதற்கு முன்னால் அவருடைய கட்டிலருகே போய்ச் சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார். "போய்ட்டு வாங்க தம்பி. நேரமானாலும் பரவால்ல. நான் இங்கதான கெடப்பேன்."

தம்பி என்று கூப்பிட்டது முதல்தடவை. கேட் வரைக்கும் போனேன். ரோட்டைத் தாண்டினால் ரவுண்டானா. கேட்டில் பழம் விற்கிற அம்மாளிடம் இரண்டு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. உரித்துக் கொடுக்கும்போது பாதி தோல் கீழே, பாதி கட்டிலில். அவர் ஒவ்வொரு தோலாகப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்துவைத்தார்.

ஜூலை 27, வியாழன்

கட்டிலைவிட்டு இன்னும் இறங்கக் கூடாது. அதற்குள் வார்டே அவர் கையில். பக்கத்துக் கட்டிலில் ஊசிக்குப் பயந்து அழுகிற மலைக்கிராமத்துப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்கிறார். எக்ஸ்ரேக்கு எந்தப் படி, காப்பீட்டு அட்டைக்கு எந்த ஜன்னல் என்று படுத்தபடியே எல்லோருக்கும் வழி சொல்கிறார். அவர் இதுவரை எக்ஸ்ரே அறைப் பக்கமே போனதில்லை. போய்வந்தவர்களிடம் கேட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்.

டாக்டர் கண்டிஷனாகச் சொல்லிவிட்டார்: தெருவில் படுத்தால் புண் ஆறாது, மறுபடி கத்திதான்.

என் வீட்டுக்கே வந்துவிடுங்கள், இரண்டு அறை சும்மா கிடக்கிறது என்றேன்.

"வேணாம் தம்பி. அது ஒங்க வீடு. அங்க நான் எப்பவும் வந்தவளாத்தான் இருப்பேன்."

எனக்கு முகம் வாடியிருக்க வேண்டும். "கோவிக்காதீக. வேற எடம் இருந்தாச் சொல்லுங்க. நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

இந்தத் தடவை பதில் வருகிறவரை எதுவும் செய்வதாக இல்லை.

ஆகஸ்ட் 2, புதன்

டிஸ்சார்ஜ். சமூகநலத்துறை அம்மா சொன்ன இடத்துக்குப் போனோம். வீடில்லாத பெண்களுக்கான தங்கும் இல்லம், பழைய பள்ளிக்கூடக் கட்டடம், பதினெட்டு கட்டில்கள். பொறுப்பாளர் ஸ்டெல்லா என்ற நடுவயதுப் பெண். "வாங்கம்மா, உள்ள வந்து உக்காருங்க" என்றார்.

குருவம்மா உட்காரவில்லை. ஆஸ்பத்திரிக் கம்பை ஊன்றிக்கொண்டு வாசலிலேயே நின்று கேட்டார்.

"கேட்டுச் சாவி யாருகிட்ட இருக்கும்?"

"ராத்திரி ஒன்பதுக்கு மேல எங்கிட்ட. எழுப்பினா திறந்து விடுவேன்."

"பகல்ல வெளிய போலாமா?"

"நோட்டுல எழுதிட்டுப் போகலாம்."

"எனக்கு எழுதத் தெரியாது."

"அப்ப வாயால சொல்லிட்டுப் போங்க."

"முடி?"

ஸ்டெல்லாவுக்கு முதலில் புரியவில்லை. குருவம்மா தலைப்பை விலக்கித் தலையைக் காட்டினார். அரை அங்குலம் வளர்ந்து, வெள்ளையும் கறுப்புமாக நின்றது.

"அய்யோ, யாரும் தொட மாட்டாங்கம்மா" என்றார் ஸ்டெல்லா.

பிறகு கக்கூஸைப் பார்த்தார். தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தார். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தார். பெண் பார்க்கப் போகிற வீட்டில்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, என்னவோ நான் வளர்த்துவிட்ட ஆள் மாதிரி.

"மூணு நாளு இருந்து பாக்கேன்" என்றார் கடைசியில். ஸ்டெல்லா தலையாட்டினார்.

ஆகஸ்ட் 5, சனி

மூன்றாம் நாள். இல்லத்து கேட்டில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். பையைக் கையில் வைத்திருக்கிறாரா என்றுதான் பார்த்தேன். இல்லை.

"இருக்கலாம்னு நெனைக்கேன்" என்றார். "திங்கக்கெழமைக்கு மட்டும் மரத்தடிக்கு வருவேன். சனங்க தவிச்சுப் போகும்."

"சரிம்மா. நாளைக்கு மருந்து வாங்கிட்டு வரேன்."

"மருந்தெல்லாம் இங்கயே குடுக்குறாக. நாளைக்கு நாலு மணிக்கு வாங்க. கையில ஒண்ணும் கொண்டாராதீக. விருந்தாளியா வாங்க."

ஆகஸ்ட் 6, ஞாயிறு

சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனேன். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவது கஷ்டமாகத்தான் இருந்தது.

குருவம்மா முற்றத்தில் வேப்பமரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தார். ஒன்றைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "உக்காருங்க." தட்டில் கொய்யாப்பழத்தை நாலாக வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தனியாக வைத்துக் கொண்டுவந்தார். அங்கே சமையலுக்கு ஒத்தாசை செய்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை இல்லத்தில் கொடுக்கிற பழத்தைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். "இவரு என்னப் பாக்க வந்திருக்காரு" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்டார்.

"ஒங்க வீட்டுல எல்லாரும் எங்க இருக்காக, தம்பி?"

இரண்டு மாசமாகப் பழகுகிறோம். என்னைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்று திருப்பிக் கேட்டேன்.

"தெருவுல இருந்துக்கிட்டு அடுத்தவுக வீட்டக் கேக்கக் கூடாதுல்ல" என்றார். "இப்பக் கேக்கலாம்."

மகளுக்கு லீவு, அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிற பதில் வாய் வரைக்கும் வந்தது. அவர் காத்துக்கொண்டிருந்தார். ஒரு அவசரமும் இல்லை அவருக்கு.

"நான் குடிக்கிறவன்மா" என்றேன். "ரவுண்டானா ஒயின்ஷாப்தான் எனக்குக் கதி. மரகதமும் பிள்ளையும் என்னை விட்டுட்டுப் போய் எட்டு மாசமாச்சு."

"ம்" என்றார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் மிச்சத்தையும் சொல்ல ஆரம்பித்தேன்.